501-ஆவது யூனிட்

ஜூன் மாதம் கரண்ட் பில் வந்த அன்று அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, என் போனில் வந்திருந்த குறுஞ்செய்தியை இரண்டு தடவை படித்தாள். 541 யூனிட், 2384 ரூபாய். அதற்கு முந்தைய பில் 488 யூனிட், 1729 ரூபாய்.

"அம்பத்து மூணு யூனிட்தானேடி கூட? அதுக்கு அறுநூத்தி அம்பத்தஞ்சு ரூபாயா? யூனிட் பன்னெண்டு ரூபாய்க்கு மேல ஆகுது. எந்த ஊர்க் கணக்கு இது?"

அம்மா முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். 655-ஐ 53-ஆல் மனசிலேயே வகுத்துவிட்டுத்தான் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "ஏசிம்மா, வெயில்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அம்மா விடவில்லை. அன்று சாயங்காலமே விசாரணை தொடங்கிவிட்டது. முதல் குற்றவாளி கிரைண்டர். இரண்டாவது, என் மகள் இரவில் எரியவிடும் படிக்கிற விளக்கு. மூன்றாவது இஸ்திரிப் பெட்டி. சத்தம் போடுவது, வெளிச்சம் தருவது, சுடுவது. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எல்லார் வீட்டிலும் சந்தேகம் இந்த வரிசையில்தான் போகும். மூலையில் சத்தமில்லாமல் நிற்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

கணக்கு என்னவோ எளிதுதான். வாட்டை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். நூறு வாட் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஏழாம் வகுப்புக் கணக்கு. சிக்கல், பெருக்குவதற்கு முன்னாலும் இருக்கிறது, பெருக்கிய பின்னாலும் இருக்கிறது. முன்னால் இருக்கும் சிக்கல், உண்மையான வாட் எவ்வளவு என்பது. பின்னால் இருக்கும் சிக்கல், அந்த யூனிட்டுக்கு எந்த விலை போடுவது என்பது. சென்னையில் இந்த இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

முதலில் அம்மாவின் கேள்விக்கே வருகிறேன், பதில் கிடைக்க எனக்கு இரண்டு நாள் ஆனாலும். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். இந்த பில் வந்த சமயத்தில், 2016-இல் வந்த சலுகைப்படி முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் வந்த விலைப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால், 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஆக 500 யூனிட்டுக்கு 1805 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 501-ஆவது யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்றுதான் நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தாண்டிய உடனே அட்டவணையே மாறுகிறது. 2.35 என்ற படி காணாமல் போய், 101-லிருந்தே 4.70. அதற்கு மேல் 501-லிருந்து 8.40, 601-லிருந்து 9.45 என்று ஏறிக்கொண்டே போகும். போட்டுப் பாருங்கள்: 501 யூனிட்டுக்கு 2048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு.

இதை அம்மாவிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "படிக்கட்டுன்னு நினைச்சேன். இது கிணத்து விளிம்புடி" என்றாள்.

அந்த விளிம்பைத் தாண்டி 41 யூனிட் போயிருக்கிறோம். அந்த 41 யார்?

மீட்டரையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். எங்கள் குடியிருப்பு நங்கநல்லூரில், எட்டு வீடு. மாடிப்படிக்குக் கீழே எட்டு மீட்டரும் வரிசையாக இருக்கும், வீட்டு எண்ணை பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். சின்ன வயதில் நான் பார்த்த மீட்டருக்குள் அலுமினியத் தட்டு ஒன்று சுழலும். 'மீட்டர் ஓடுது' என்று நாம் சொல்வது அந்தத் தட்டை வைத்துத்தான். இப்போது எதுவும் ஓடுவதில்லை, ஒரு சிவப்புப் புள்ளி சிமிட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிமிட்டல் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். எங்களுடையதில் 3200. அப்படியானால் ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை வினாடி என்று பார்த்து, 1125-ஐ அந்த வினாடியால் வகுத்தால், அந்த நிமிடம் வீட்டில் எத்தனை வாட் ஓடுகிறது என்பது வந்துவிடும். வினாடிக்கு ஒரு சிமிட்டல் என்றால் 1125 வாட். பத்து வினாடிக்கு ஒன்று என்றால் 112. உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள், 1125-க்குப் பதில் அது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. மகள் கீழே மீட்டர் முன்னால் போனில் ஸ்டாப்வாட்ச்சோடு. நான் மாடியில் மெயின் பெட்டிக்குப் பக்கத்தில். நடுவில் படிக்கட்டில் அம்மா, தகவல் தொடர்புத் துறை. எல்லா ஸ்விட்சையும் இறக்கினேன். "நின்னுடுச்சா?" "நின்னுடுச்சு பாட்டி!" "நின்னுடுச்சாம்டி!" கீழ் வீட்டு அங்கிள் வெளியே வந்து, "என்னம்மா, உங்க வீட்டுல மட்டும் கரண்ட் இல்லையா? ஃபியூஸ் போயிடுச்சா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சென்னையில் தனியாக ஒரு காரியம் செய்வது கஷ்டம்.

முதலில் இன்வெர்ட்டரை மட்டும் போட்டேன். 2008-க்கும் 2013-க்கும் இடையே மின்வெட்டு ஆட்டிப்படைத்த காலத்தில் வாங்கிய பழக்கம், அதன் பிறகு பேட்டரி மாற்றி மாற்றி இன்னும் ஓடுகிறது. பேட்டரி முழுக்க ஏறியிருந்தும் 75 வினாடிக்கு ஒருமுறை புள்ளி சிமிட்டியது. 15 வாட். அதோடு செட் டாப் பாக்ஸையும் இணைய ரௌட்டரையும் போட்டபோது 34 வினாடிக்கு ஒன்று. மூன்றும் சேர்ந்து 33 வாட். இது ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். பழைய காலத்து நாற்பது வாட் குண்டு பல்பைவிடக் குறைவு. ஆனால் ஒரு பில்லுக்கு 60 நாள், 1440 மணி நேரம். அந்தக் கணக்கில் ஒரு வாட் நிற்காமல் ஓடினால் பில்லில் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். 33 வாட்டுக்கு 48 யூனிட். டி.வி. அணைந்திருக்கும்போதும், நாங்கள் ஊருக்குப் போயிருக்கும்போதும், யாரையும் கேட்காமல் 48.

அம்மாவின் கிரைண்டரைப் பாருங்கள் இப்போது. மேசைமேல் வைக்கிற இரண்டு லிட்டர் கிரைண்டர், 150 வாட். நாற்பது நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. வாரம் இரண்டு தடவை மாவு அரைத்தாலும் இரண்டு மாதத்துக்கு இரண்டு யூனிட் தாண்டாது. மிக்ஸி 750 வாட் என்று பயமுறுத்தும், ஆனால் சட்னிக்கு எத்தனை நிமிடம்? 2011-இல் அரசு விலையில்லாமல் கொடுத்த மூன்று பொருள் நினைவிருக்கும்: மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. அந்த மூன்றில் மீட்டரை உண்மையில் நகர்த்துவது சத்தமே போடாத மூன்றாவதுதான்.

சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் அளவில் எடுக்கும். எங்கள் ஹாலில் அது காலை ஐந்தரைக்குப் போட்டால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் நிற்கும், பதினாறு மணி நேரம். இரண்டு படுக்கையறை ஃபேனையும் சேர்த்தால் நாளைக்கு 2.7 யூனிட். இரண்டு மாதத்துக்கு 162. காற்று வாங்குவதற்கு 162 யூனிட்! ஏசிக்கு ஆனது 175 என்று பிறகு தெரிந்தபோதுதான் இது எவ்வளவு என்று உறைத்தது. ஃபேனை யாரும் செலவாகவே நினைப்பதில்லை, சோறு தண்ணீர் மாதிரி அது.

பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது குறைந்த மின்சாரம் எடுக்கும் மோட்டார் வைத்த ஃபேன், அதே காற்றை 28 வாட்டில் தருகிறது. ஹாலில் மட்டும் மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட் மிச்சம். மூவாயிரம் ரூபாய் ஃபேன் எத்தனை நாளில் போட்ட காசை எடுக்கும் என்று அம்மா கேட்டாள். அங்கேதான் நான் முன்பு சொன்ன இரண்டாவது சிக்கல் வந்து நிற்கிறது. மிச்சமாகும் 45 யூனிட்டும் 6.30 படியில் இருந்தால், ஒரு பில்லுக்கு 284 ரூபாய், இரண்டு வருடத்துக்குள் காசு திரும்பிவிடும். அதே ஃபேன், அதே காற்று, ஆனால் மொத்தமே 200 யூனிட் போகும் வீடாக இருந்தால் மிச்சம் 2.35 கணக்கில் 106 ரூபாய். காசு திரும்ப ஐந்து வருடம் நெருங்கும். 90 யூனிட்டில் காலம் தள்ளும் வீட்டில் காசே திரும்பாது, அவர்களுக்குத்தான் ஏற்கெனவே பில் பூஜ்யமாயிற்றே. அதனால் யாராவது 'இந்த ஃபேன் போட்டால் வருடத்துக்கு இத்தனை ரூபாய் மிச்சம்' என்று விளம்பரத்தில் சொன்னால், யார் வீட்டில் என்று கேளுங்கள்.

மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, அந்தச் சராசரி விலையை ஒவ்வொரு சாமானுக்கும் போடுவதுதான் வழக்கம். எங்கள் பில்லில் சராசரி 4 ரூபாய் 41 காசு வருகிறது. பார்க்க நியாயமாக இருக்கும், ஆனால் அந்த விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு யூனிட்கூட விற்கப்படவில்லை. ஒரு சாமானைப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது, மேலே கடைசியாக நிற்கும் யூனிட்டின் விலையைத்தான் பார்க்க வேண்டும்.

இதைப் புரியவைத்தது என் தோழி ஒருத்தியின் சண்டைதான். வேளச்சேரியில் ஒரு வீட்டின் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறாள். தனி இணைப்பு இல்லை, சப் மீட்டர். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். இரண்டு மாதத்துக்கு 140 யூனிட், 1260 ரூபாய் கொடுக்கிறாள். தனி இணைப்பாக இருந்திருந்தால் முதல் 100 இலவசம் போக 40 யூனிட்டுக்கு 94 ரூபாய். "கொள்ளை அடிக்கிறாருடி" என்று பொருமினாள். நானும் ஒத்து ஊதினேன். பிறகு வீட்டுக்காரர் பக்கமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் குடும்பம் மட்டும் 450 யூனிட் போகிறது என்று வைத்துக்கொண்டால் அவருக்கு 1490 ரூபாய். இவளுடைய 140 சேர்ந்து 590 ஆனால் 2796. வித்தியாசம் 1306 ரூபாய், யூனிட்டுக்கு 9.33. அவர் கைக்காசு போட்டிருக்கிறார்! அதே 140 யூனிட், ஒரு பக்கம் 94 ரூபாய், இன்னொரு பக்கம் 1306. இரண்டும் பொய்யில்லை. தோழிக்கு இதை அனுப்பினேன். நான்கு நாள் பேசவில்லை.

திரும்ப எங்கள் வீட்டுக்கு. சிமிட்டல் முறை நிலையாக ஓடும் சாமானுக்குத்தான் சரி. ஃப்ரிட்ஜ் அப்படி இல்லை, கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடும். அதன்மேல் ஒட்டிய தாளில் இருக்கும் வாட்டை 24 மணி நேரத்தால் பெருக்கினால் அநியாயமாக வரும். அதனால் பிளக்குக்கும் சாமானுக்கும் நடுவில் மாட்டும் ஒரு சின்ன எனர்ஜி மீட்டரை, மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கி வந்தேன். வாங்குபவர்கள் 16 ஆம்பியர் பிளக் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், சின்ன பிளக் வகையில் ஏசியை மாட்டக் கூடாது. இன்னொன்று, கம்பியைக் கவ்வும் கிளாம்ப் மீட்டரை வைத்து ஆம்பியர் பார்த்து 230 வோல்ட்டால் பெருக்கும் ஆட்கள் உண்டு. செட் டாப் பாக்ஸ் மாதிரிச் சின்னச் சாமானுக்கு அது உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். வீட்டு பில்லில் நாம் காசு கொடுப்பது அந்தப் பெருக்கலுக்கு இல்லை, கிலோவாட் மணிக்குத்தான், அதாவது யூனிட்டுக்கு.

ஃப்ரிட்ஜில் அதை ஒரு நாள் முழுக்க விட்டோம். 1.6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 96. பன்னிரண்டு வருடப் பழைய ஃப்ரிட்ஜ்தான் என்றாலும் இது அதிகம். நட்சத்திர லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்றே போட்டிருப்பார்கள். எங்கள் அளவு ஃப்ரிட்ஜுக்கு அது 250-ஐ ஒட்டி இருக்கும், அதாவது இரண்டு மாதத்துக்கு நாற்பத்துச் சொச்சம். இரண்டு மடங்குக்கு மேல் எங்கே போகிறது?

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர் வந்தார். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடினார். இழுத்தார். வெண்ணெயிலிருந்து முடியை இழுப்பதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. "ரப்பர் போயிடுச்சும்மா. மூடியே இருக்குது, ஆனா தொறந்துதான் இருக்குது" என்றார். அதற்கு மேல், அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தோம், பின்னால் கம்பிச் சுருளில் வருடக்கணக்கான ஒட்டடை. ரப்பரை மாற்றி, துடைத்து, அரை அடி முன்னால் இழுத்து வைத்த பிறகு மறுபடி ஒரு நாள் அளந்தோம். 0.95. இரண்டு மாதத்துக்கு 57. 39 யூனிட் ஒரு ரப்பரில் ஒளிந்திருந்தது. நான் இத்தனை நாள் மகளின் 9 வாட் விளக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சூடு செய்கிற சாமான்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன், கோடையில் அவை ஒரு பொருட்டில்லை. கெய்சரின் 2000 வாட்டைப் பார்த்து மிரள வேண்டாம், எவ்வளவு தண்ணீரை எத்தனை டிகிரி ஏற்றுகிறோம் என்பதுதான் செலவு. 15 லிட்டரை 28-லிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட் போதும், அது 2000 வாட் ஹீட்டரானாலும் 3000 வாட் ஆனாலும். மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீரே கெய்சரிலிருந்து வருவதுபோல்தான் வருகிறது. வாஷிங் மெஷினும் பச்சைத் தண்ணீரில் துவைத்தால் கால் யூனிட்டோடு விட்டுவிடும், வெந்நீர் வைத்தால்தான் ஒரு யூனிட் கேட்கும்.

ஏசிக்கு வருகிறேன். அதில்தான் அம்மாவோடு எனக்கு உண்மையான வழக்கு.

ஏசியை டன் கணக்கில் விற்கிறார்களே, அது எடை இல்லை. ஒரு டன் பனிக்கட்டியை இருபத்து நாலு மணி நேரத்தில் உருக்கும் அளவு வெப்பத்தை வெளியேற்றும் திறன், ஏறக்குறைய மூன்றரை கிலோவாட். இந்த டன் அமெரிக்க டன், 907 கிலோ. இது எனக்குப் பிடித்த தகவல், ஏனென்றால் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கடற்கரைச் சாலை ஐஸ் ஹவுஸ்தான் நினைவுக்கு வரும். ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி அமெரிக்காவின் உறைந்த ஏரிகளிலிருந்து ஐஸை வெட்டி, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டு வந்து வைப்பதற்காக 1842-இல் எழுந்த கட்டடம். 1897-இல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். எங்கள் அறையின் ஒன்றரை டன் ஏசி எட்டு மணி நேரம் முழு வீச்சில் ஓடினால், ஏறக்குறைய 450 கிலோ ஐஸ் உருகியதற்குச் சமம். அப்படிப் பார்த்தால் ஏசி மலிவுதான் என்று எனக்குத் தோன்றும். அம்மாவுக்குத் தோன்றாது.

அம்மாவின் அறையிலும் ஒரு டன் ஏசி இருக்கிறது. மூன்று வருடம் முன்பு வாங்கினோம். இரண்டு கோடையாக அதை அவள் போட்டதே கிடையாது. கத்திரி வெயிலில் ஜன்னலைத் திறந்துவைத்து, தரையில் தண்ணீர் தெளித்து, ஃபேனுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பாள். "எனக்கு ஏசி ஒத்துக்காதுடி, மூட்டு வலிக்கும்" என்பாள். நானும் நம்பினேன். இந்த விசாரணை நடந்த வாரத்தில்தான் தினசரிக் காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் அம்மாவின் கையெழுத்தில் ஒரு கணக்கைப் பார்த்தேன். 1100 வாட், 8 மணி, 8.8 யூனிட். 8.40 ரூபாய் போட்டு, ஒரு ராத்திரிக்கு 73 ரூபாய் 92 காசு. கீழே ஒரு கோடு. அவ்வளவுதான்.

பெருக்கலில் ஒரு காசு தப்பில்லை. விலையையும் கடைசி யூனிட்டின் விலையாகச் சரியாகவே எடுத்திருந்தாள், நான் கற்றுக்கொடுத்த உடனே. தப்பானது அந்த 1100 வாட். அது ஏசியின் பக்கவாட்டில் ஒட்டிய தாளில் இருப்பது, முழு வீச்சில் ஓடினால் எடுப்பது. இன்வெர்ட்டர் வகை ஏசி அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரசரின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது 1600 மணி நேரத்துக்கு, அதாவது எட்டு மணி நேர ராத்திரி 200. மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் சொல்வது, ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஆறு சதவீதம் அளவுக்கு மிச்சமாகும் என்று. 2020-லிருந்து புது ஏசிகளை 24-இல் தொடங்கும்படி வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

இதையெல்லாம் அம்மாவிடம் வாயால் சொல்லிப் பயனில்லை. எனர்ஜி மீட்டரைக் காட்டினேன். 26-இல் வைத்து, ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டு, ஒரு ராத்திரி. முதல் மணி நேரத்தில் 0.7 யூனிட். அதன் பிறகு மணிக்கு 0.2-க்குள். காலையில் அம்மாவே எழுந்து போய்ப் பார்த்தாள். 2.03. பதினேழு ரூபாய் ஐந்து காசு.

"சரியாப் பாத்தியா? பாதியில நின்னுடலையே?"

"நிக்கலம்மா. நீ போர்வை போத்தித் தூங்கிட்டு இருந்தே."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூட்டு வலியைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஏசி 175, ஃபேன் 162, ஃப்ரிட்ஜ் 96, தூங்காத மூன்றும் (இன்வெர்ட்டர், செட் டாப் பாக்ஸ், ரௌட்டர்) 48, விளக்கு 22, டி.வி. 21, லேப்டாப் 10, வாஷிங் மெஷின் 6, இஸ்திரி 6, மிக்ஸி 4, கிரைண்டர் 2. மொத்தம் 552. பில்லில் இருந்தது 541. பதினோரு யூனிட் எங்கே தவறியது என்று நான் தேடவில்லை, இவ்வளவு நெருங்கியதே பெரிது. அம்மாவுக்கு மட்டும் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

என்ன செய்தோம்? ஹாலில் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டோம். செட் டாப் பாக்ஸை டி.வி.யோடு சேர்த்துச் சுவரிலேயே அணைக்கிறோம். இன்வெர்ட்டரை எடுத்துவிடலாம் என்றேன், அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிட்டேன். 500-க்குள் நிற்க வேண்டும் என்று நான் அடம் பிடிக்கவும் இல்லை. 243 ரூபாய்க்காக எழுபத்தாறு வயதுக்காரி வெந்துகொண்டு படுக்க வேண்டாம், தாண்டினால் தாண்டட்டும் என்று சொன்னேன். அம்மா அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. ரீடிங் எடுத்த நாளிலிருந்து தினம் காலையில் பால் வாங்கக் கீழே போகும்போது மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் எழுத ஆரம்பித்தாள். ஏசியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாள். ஐம்பத்தெட்டாம் நாள் இட்லி மாவு அரைப்பதைத் தள்ளிப்போட்டு எங்களுக்கு உப்புமா கிண்டிக்கொடுத்தாள்.

ஆகஸ்ட்டில் பில் வந்தது. 508 யூனிட். 2107 ரூபாய்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"அந்த எட்டு யூனிட் யாருடி?"